சில்லறைப் பையில் போன பென்டிரைவ்

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மலேசியாவில் கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு மத்தியானம் முதலாளி புதிதாக ஒரு பில் மெஷின் கொண்டுவந்து இறக்கினார். விரலால் தொட்டால் வேலை செய்யும் திரை, பார்க்கவே பளபளவென்று இருந்தது. கல்லாவுக்கு அடியில் புழுதியும் குழம்பு வாசனையுமாகப் பல வருடம் உழைத்த பழைய கம்ப்யூட்டருக்கு அன்றோடு வேலை போனது. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தால் தூக்கிப் போடச் சொன்னார் முதலாளி. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "முதலாளி, அத எனக்குத் தந்துருங்க" என்றேன்.

எதற்கென்று அவர் கேட்கவில்லை. கடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். என் மகளுக்கு அப்போதுதான் ஊரில் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. தெரியாதவர்களுக்கும் நானே சொல்லித் தெரிய வைத்திருந்தேன். காலையில் தே ஓ என்ற பாலில்லாத் தேநீர் குடிக்க வரும் மீன்காரர்கள், ராத்திரி ஆற்றோரம் மின்மினிப் பூச்சி பார்க்கப் போகிற வழியில் ரொட்டி சாப்பிட இறங்கும் குடும்பங்கள் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. ரொட்டி போடுகிற மாஸ்டர் ஒரு நாள் கையெடுத்துக் கும்பிட்டு, "போதும் பாய், மாவு புளிச்சிரும்" என்றார்.

எனக்கு ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊர். எங்கள் ஊரில் வெளிநாட்டில் இருந்து சம்பாதிப்பவனைச் சபராளி என்பார்கள். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய பருவத்தில் கிளம்பி வந்த சபராளி நான். இடையில் போய் வந்ததெல்லாம் விருந்தாளி மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் முதல் ஒரு வாரம் அவள் உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்ப்பாள். மெல்லப் பழகி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னோடு உரிமையாக ஒரு சண்டை போடுகிற அளவுக்கு நெருங்கும்போது டிக்கெட் தேதி வந்து நிற்கும். அவளுக்குப் பல் விழுந்தது, குர்ஆன் ஓதி முடித்தது, சைக்கிளில் இருந்து விழுந்து முட்டி பெயர்ந்தது, மார்க் வாங்கி ஊரே பேசியது எல்லாம் எனக்குக் கைப்பேசித் திரையில் நடந்தவை. பணம் அனுப்பினேன், பெட்டி அனுப்பினேன். ஆனால் இது வாப்பா எனக்குக் கையால் செய்து கொடுத்தது என்று அவள் சொல்லிக்கொள்ள ஒரு சாமான் கிடையாது. சட்டைக்கு ஒரு பித்தான்கூட நான் மாட்டிவிட்டதில்லை. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. மனதுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே அந்தப் பழைய கம்ப்யூட்டரை நானே சரிபண்ணி அவளுக்கு அனுப்புவது என்று முடிவு பண்ணினேன். புது லேப்டாப் வாங்கும் நிலைமை அப்போது இல்லை என்பதும் உண்மை. ஆனால் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

கடைக்கு மேலே தங்கும் அறையில் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே கரப்பான் பூச்சி ஒரு குடும்பமாகக் குடியிருந்தது. துடைத்து, ஊதி, பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணினேன். மெஷின் ஓடியது. ஆனால் பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு மேசைக்கு நாலு தே தாரே என்ற பால் தேநீர் ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் 'கிடுக் கிடுக்' என்று சத்தம் வேறு போட்டது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற புது வகை டிரைவ் போட்டால் பறக்கும் என்றார் ரொட்டி மாஸ்டர். உடனே கைப்பேசியைத் திறந்து, தள்ளுபடி விற்பனையில் இருந்ததிலேயே மிக வேகமானது என்று எல்லோரும் புகழ்ந்திருந்த ஒன்றை வாங்கிவிட்டேன். மகளுக்கு வாங்குகிறோம், நல்லதாக வாங்குவோம் என்ற நினைப்பு. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவே இல்லை.

வந்து சேர்ந்த பொருளைப் பார்த்துத் திகைத்துப்போனேன். சூயிங்கம் பட்டை அளவுக்கு ஒரு துண்டு. இதுதான் டிரைவாம். கம்ப்யூட்டருக்குள் எங்கே தேடினாலும் அதைச் செருக இடம் இல்லை. இரண்டு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

பக்கத்து ஊரான தஞ்சோங் காராங்கில் சாலையோரமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கடைக்கு அவ்வப்போது வருவார். சபாக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர், என் வயதுதான் இருக்கும். இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு நடுவே 'லா' சேர்ப்பார். தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர், அதைத்தான் குடிப்பார். அப்படிக் குடிக்கிறவர்கள் கறாரானவர்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு, அதனால் அதிகம் பேசியதில்லை. வேறு வழியில்லாமல் மத்தியான ஓய்வு நேரத்தில் கடை மோட்டார் சைக்கிளில், கால்களுக்கு நடுவே கம்ப்யூட்டரை வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே போகிற அந்தச் சாலையில் அவர் கடைக்குப் போனேன். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள்.

டிரைவைக் கையில் வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"என்னா பாய், மதர்போர்டு இவ்ளோ பழசு, அதுக்குப் போயி இத வாங்கியிருக்கீங்க. இந்த போர்டு பொறந்த காலத்துல இந்த மாதிரி டிரைவே கெடையாது லா. இப்பக் கொண்டாந்து மாட்டுனா, யாருடா நீன்னு கேக்கும்."

இதற்கென்று ஒரு சின்ன அட்டை கிடைக்கிறது, அதில் இந்தத் துண்டைப் பொருத்தி உள்ளே செருகிவிடலாம் என்றார். ஆனால் செருகினாலும் பழைய போர்டு அதில் இருந்து எழுந்திருக்காதாம். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்த பிறகு அதை அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் ஓட ஆரம்பிப்பதற்கே அது வேண்டும். இது எனக்குப் புரிய நேரமானது. 

"இத யாருக்காச்சும் வித்துடுங்க. சாதா எஸ்எஸ்டி ஒண்ணு வாங்குங்க, அது எந்தப் பிரச்சனையும் இல்லாம ஓடும்" என்றார் அவர். நல்ல யோசனைதான். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். எனக்குத்தான் பிடிவாதம் ஆயிற்றே. மகளிடம் ஏற்கெனவே வீடியோவில் அந்தத் துண்டைக் காட்டி, "இதுலதான் உன் படிப்பெல்லாம் இருக்கப் போவுது" என்று பீற்றியிருந்தேன். அவளும் கண்ணை விரித்து, "இத்தனூண்டா வாப்பா!" என்று கேட்டிருந்தாள். அவள் என்னிடம் ஆச்சரியப்பட்டுக் கேட்ட கேள்விகளே கொஞ்சம்தான். அதில் ஒன்றை விற்கச் சொல்கிறாரே என்று இருந்தது.

"அண்ணே, இதுதான் போவணும். ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க" என்றேன். குரல் எப்படியோ ஆகிவிட்டது போலிருக்கிறது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். எப்போது கடைசியாக ஊருக்குப் போனேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். கொரோனாவுக்கு முன்னால் போனவன்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். போர்டுக்குள்ளேயே இருக்கும் நிரலை மாற்றி எழுதுவது ஒன்று. கை தவறினால் போர்டு செத்துவிடும், அதை நான் செய்ய மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். இன்னொன்று பென்டிரைவ். பழைய போர்டுக்குப் பென்டிரைவைத் தெரியும். அதில் ஒரு சின்ன நிரலைப் போட்டுப் பின்னால் செருகிவிட்டால், கம்ப்யூட்டர் முதலில் அதில் இருந்து கண் விழிக்கும். அந்தப் பென்டிரைவ்தான் போர்டிடம், இதோ புது டிரைவ் இங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் புது டிரைவ் பார்த்துக்கொள்ளும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். பச்சை நிறத்தில் கட்டை விரல் அளவு பென்டிரைவ் ஒன்று பின்னால் செருகியிருந்தது. "நீங்களே அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து போனது. ஒரு தேநீரைச் சரியாக ஒரு முறை இழுத்து ஆற்றுகிற நேரம்கூட ஆகியிருக்காது. திரை முழுக்க வெளிச்சம். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

அவர் பென்டிரைவைத் தொட்டுக் காட்டி இரண்டு விஷயம் சொன்னார். "இது இல்லாட்டி மெஷின் எழுந்திரிக்காது பாய், ஞாபகம் வச்சுக்குங்க. ஆனா எழுந்திரிச்ச பொறவு இதுக்கு வேல இல்ல. புடுங்கிக்கூட வச்சிடலாம்." கப்பலில் போகும்போது பின்னால் செருகியபடியே இருந்தால் முறிந்துவிடும், கழற்றித் தனியாக வைத்து அனுப்புங்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சபராளி வீட்டில் பிறந்தவர்களுக்குப் படிக்கும்போதே சிரிப்பு வரும்.

கார்கோ பெட்டி கட்டுவதில் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. அடியில் கனமான சாமான், நடுவில் துணிமணி, ஓரமெல்லாம் சோப்பும் மைலோ டின்னும். கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் இரண்டு கம்பளிப் போர்வையில் பிள்ளையைச் சுற்றுவது மாதிரி சுற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சில்லறைப் பை. அதில் தைலப் புட்டி, அத்தர், நகவெட்டி, சின்ன டார்ச் லைட், சாவி வளையம் என்று கைக்கு அடக்கமான சாமான்கள். இந்தப் பை எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். சபராளி வீட்டுக்குப் பெட்டி வந்தால் சொந்தமும் அக்கம்பக்கமும் வந்து உட்காரும். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வீட்டுக்காரர்கள் சில்லறைப் பையை அவிழ்த்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். என் சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை.

பென்டிரைவ் சின்ன சாமான். சின்ன சாமான் எல்லாம் சில்லறைப் பைக்குள் போகும். என் கை யோசிக்காமல் அதைச் செய்துவிட்டது.

பெட்டி போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் எனக்கு வேலையில் புத்தியே இல்லை. கோசோங் கேட்டவருக்குச் சீனி போட்டேன், சீனி கேட்டவரை விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டம் முடிந்து உட்காரும்போது வீட்டில் இருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஊரில் அப்போது மத்தியானத்து ளுஹர் தொழுகை முடிந்திருந்தது. கூடத்தில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் மேசை போட்டு, போர்வையைப் பிரித்து, கம்ப்யூட்டரை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். பக்கத்தில் மகள் புதுத் தாவணி போட்டுக்கொண்டு நின்றாள். இதற்காகப் புதுசு உடுத்தியிருக்கிறாள் என்று பார்த்த உடனே தெரிந்தது. 

"அமுக்கவா வாப்பா?"

"பிஸ்மில்லா சொல்லி அமுக்கு."

விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. மேலே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி மட்டும் வந்து நின்றது. சரியான டிரைவைச் செருகு என்கிறது வாப்பா என்று மகள் படித்துச் சொன்னாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி அதே வரி. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "அங்க வேண்டாம்னு போட்டதைத் தூக்கி அனுப்பியிருப்பாக" என்றாள். பொய் என்று சொல்ல முடியுமா? அங்கே வேண்டாம் என்று போட்டதுதானே. மகள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவள் தோளில் ஒரு கை வைத்திருப்பேன். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. "பச்சையா ஒரு பென்டிரைவ் இருக்குமே, அத எங்க?" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரிக்கு முகம் வெளிறிப்போனது. "சில்லறைப் பையில இருந்துச்சே, அதா? முந்தாநாளே எல்லாத்தையும் பங்கு வச்சுட்டாகளே லாத்தா" என்றாள். லாத்தா என்றது என் அக்காவை. எங்கள் குடும்பத்தில் பெட்டி பிரித்தால் பங்கு வைப்பது அவள்தான், அந்த உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அக்காவைக் கேட்டால், பச்சையும் தெரியாது சிவப்பும் தெரியாது, கைக்கு வந்ததைக் கொடுத்தேன் என்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு முழுக்க ஒரே விசாரணைதான். யாருக்கு நகவெட்டி, யாருக்கு டார்ச் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். தனக்குச் சாவி வளையம் மட்டும்தான் வந்தது, பக்கத்து வீட்டுக்கு அத்தர் போயிருக்கிறது என்று நடுவில் ஒரு மனத்தாங்கல் வேறு கிளம்பியது.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு ஆள் பிடிபட்டான். என் வீட்டுக்காரியின் தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மச்சான் தனக்கென்றே பார்த்துப் பாட்டுக் கேட்கப் பென்டிரைவ் அனுப்பியிருக்கிறார் என்று பெருமையோடு வாங்கிப் போயிருக்கிறான். ஆட்டோவில் செருகினால் ஒன்றும் பாடவில்லை. கடைத்தெருவில் மொபைல் கடைக்குக் கொண்டுபோய், உள்ளே கிடந்ததை எல்லாம் அழித்துவிட்டு முந்நூறு பாட்டு ஏற்றி வந்துவிட்டான். "உள்ள என்னமோ இங்கிலீசுல குப்பையா இருந்துச்சு மச்சான்" என்றான் போனில். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அனுப்பியவன் நான், பங்கு வைத்தவள் என் அக்கா. வாங்கினவனை என்ன சொல்வது?

மறுநாள் மத்தியானமே தஞ்சோங் காராங் போனேன். விஷயத்தைக் கேட்டதும் கம்ப்யூட்டர்க்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எங்கள் எஸ்டேட்டில் யாராவது கோலாலம்பூர் போய் வந்தாலும் இதே கதைதான், பை வாசலைத் தாண்டுவதற்குள் காலியாகிவிடும் என்றார். அந்த நிரலின் பிரதி தன்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன், வேறொரு கம்ப்யூட்டரில் வைத்துப் புதுப் பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம் என்றார். பிறகு, "பொண்ணு கம்ப்யூட்டர்தானே படிக்குது? கூப்பிடுங்க பாய், நான் பேசுறேன்" என்றார்.

கூப்பிட்டேன். கைப்பேசியை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டு நான் ஓரமாக நின்றேன். அவர் "இந்தாம்மா, நான் சொல்றத நல்லா கேட்டுக்க" என்று தொடங்கினார். மகள் முதலில் "சரி மாமா, சரி மாமா" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஏன் அந்தப் போர்டுக்குத் தெரியவில்லை, அப்படியானால் பென்டிரைவுக்கு மட்டும் எப்படித் தெரியும், எழுந்த பிறகு அது எங்கே இருக்கிறது என்று ஒன்று மாற்றி ஒன்று. அவர் பதில் சொல்ல, அவள் அதற்குள் இருந்து அடுத்த கேள்வியை எடுக்க, எனக்குப் பாதி புரியவில்லை. என் மகள் இத்தனை பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அவள் பேசுவது சாப்பிட்டீங்களா வாப்பா, உடம்பு நல்லா இருக்கா வாப்பா, இதோ உம்மாகிட்ட தர்றேன், அவ்வளவுதான். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. வெளியே வாய்க்கால் ஓரமாகப் போய் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவள் கல்லூரி லேபில் பென்டிரைவை எழுதிக்கொண்டு வந்தாள். அப்படியும் மெஷின் எழுந்திருக்கவில்லை. அதே கறுப்புத் திரை, அதே வரி. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "விட்டுரும்மா, வாப்பா வேற ஏதாவது பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அவள் விடவில்லை. என் பிடிவாதம் எங்கேயோ போய் ஒட்டியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து அவளே கம்ப்யூட்டர்க்காரரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் மறுநாள் காலையில் எங்கள் கடைக்கு வந்து, உட்காராமல் நேரே என்னிடம் வந்து நின்றார்.

"பாய், உங்க பொண்ணு கண்டுபிடிச்சிருச்சி லா! மெஷினுக்குள்ள இருக்குற கடிகாரம் பல வருசம் பின்னால போயி நிக்கிதாம். அதப் பாத்துட்டு, மாமா உள்ள பேட்டரி செத்துருச்சான்னு கேக்குது. நான் யோசிக்கல பாய். கப்பல்ல கெடந்த நேரத்துல பேட்டரி போயிருக்கு, நான் வச்ச செட்டிங் எல்லாம் மறந்துடுச்சு. பென்டிரைவ மொதல்ல பாருன்னு சொல்லி வச்சிருந்தேன், அதையும் மறந்துடுச்சு."

போர்டில் நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அதை வாட்ச் கடையில் வாங்கிப் போட்டுவிட்டு, அவர் சொல்லிக் கொடுத்தபடி பென்டிரைவை முதலில் பார்க்கச் சொல்லும் வரிசையையும் மகள் மறுபடி மாற்றி வைத்துவிட்டாள். இவ்வளவையும் எனக்குச் சொல்லும் முன்னால் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கூலி என்ன என்று கேட்டேன். தே ஓ கோசோங் என்றார்.

அன்று காலைக் கூட்டம் முடிந்த நேரத்தில் மகளிடம் இருந்து எனக்கு இரண்டு படம் வந்தது. முதல் படத்தில் கம்ப்யூட்டரின் பின்பக்கம். புதிதாக வாங்கிய பென்டிரைவ் செருகியிருந்தது. அதன் ஓட்டையில் கறுப்புக் கயிறு கோத்து, பெட்டியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள். தாய்மாமனுக்குப் பயந்துதான் என்று தெரிந்து சிரித்துவிட்டேன். இரண்டாவது படத்தில் கறுப்புத் திரை. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது பென்டிரைவ் காட்டுமே இரண்டு வரி, அது. கம்ப்யூட்டர்க்காரர் எழுதியபோது அங்கே ஏதோ ஆங்கிலப் பெயரும் எண்ணும் இருந்தது. அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாமாம். இவள் ஆங்கில எழுத்தில் 'வாப்பா' என்று எழுதியிருந்தாள்.

நான் கேஸ் அடுப்பைக் குறைத்துவிட்டு, பால் டின்கள் அடுக்கியிருக்கும் பக்கம் போய் நின்று அவளைக் கூப்பிட்டேன்.  வாயில் வந்ததைச் சொன்னேன். "மெஷின் எழுந்திரிச்ச பொறவு அதுக்கு வேலை இல்லையாம்மா. கயிறெல்லாம் எதுக்கு? புடுங்கி பீரோவுல பத்திரமா வச்சுக்க. அது இல்லாமலே ஓடும்."

"தெரியும் வாப்பா" என்றாள். "கம்ப்யூட்டர் மாமா சொன்னாக. புடுங்கிட்டாலும் ஓடும். ஆனா நான் புடுங்கப் போறதில்ல. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

இந்த முறை உம்மாவிடம் கைப்பேசியைக் கொடுக்கவில்லை. படிப்பைப் பற்றி, கூடப் படிக்கிறவர்களைப் பற்றி, கடிகாரத்தைப் பார்த்ததும் மனதில் என்ன தோன்றியது என்பதைப் பற்றி அவளாகப் பேசிக்கொண்டே போனாள். ஐந்தாம் மேசையில் இருந்து ஒருவர் தே தாரே கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தார். ரொட்டி மாஸ்டர் மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்காக ஆற்றிக் கொடுத்தார். அவர் ஆற்றிய தேநீரைக் குடித்தவர் இதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வருவாரா என்பது வேறு விஷயம்.

பழைய பச்சைப் பென்டிரைவ் இப்போதும் மச்சினன் ஆட்டோவில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் ஊருக்குப் போகவில்லை. பெர்மிட், ஆள் பற்றாக்குறை, அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போகிறது. போனால் அந்த மேசைக்கு முன்னால் அவளோடு உட்கார்ந்து, அந்தத் திரை விழிப்பதை ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். வேறு பெரிய ஆசை இல்லை.

ஊரில் அவள் கல்லூரிக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரைத் திறக்கும் நேரமும், இங்கே எனக்குக் காலைக் கூட்டம் ஓயும் நேரமும் ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் அடுப்பைக் குறைத்துவிட்டுச் சற்று நிற்பேன். நான் இல்லாத அந்த வீட்டில் இந்நேரம் என் பெயர் திரையில் ஒரு கணம் வந்துவிட்டுப் போயிருக்கும் என்று நினைக்கும்போது ஏக்கம் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. ஆனால் முன்பு போல அது என்னை வெளியே நிறுத்தி வைப்பதில்லை.